டால்டனின் துப்பாக்கிகள்

டால்டன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். அக்கா வீட்டுக்குள் நுழைய அவன் என்றைக்குமே தட்டியதில்லை. ஆனாலும் அன்று, அடுப்பிலிருந்து சோள ரொட்டியை எடுத்த லானெட் பிடிதுணியோடு அப்படியே நின்றாள்.

"விஷயம் தெரியுமா, அக்கா?" என்றான்.

ஏதாவது வேண்டியிருந்தால்தான் அவன் அக்கா என்பான். மற்ற நேரங்களில் லானி.

"என்ன விஷயம்?"

"நியூ ஆர்லியன்ஸ் கோர்ட்டு போன மாசமே சொல்லிடுச்சாம். என் வக்கீல் பய இப்பத்தான் சொல்றான். பொண்டாட்டிக்காரி கோர்ட்டுல பாதுகாப்பு உத்தரவு வாங்கிட்டா புருஷன் துப்பாக்கி வெச்சிருக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருந்துச்சே, அது செல்லாதாம். மூணு ஜட்ஜும் ஒரே குரல்ல சொல்லிட்டாங்க. அவங்க சொன்னா நம்ம மிசிசிப்பிக்கும் அதுதான்."

"ஏன் செல்லாதாம்?"

"துப்பாக்கி வெச்சுக்கறது அரசியல் சட்டம் குடுத்த உரிமை. நாடு உண்டான காலத்துல அதைப் பறிக்க இப்படி ஒரு சட்டமே கிடையாதாம். அப்ப இல்லாதது இப்ப மட்டும் எப்படி வரும்? வாஷிங்டன்ல இருக்கற பெரிய கோர்ட்டு அதுக்கு முன்னாடி வருஷம் ஒரு தீர்ப்புல பழைய காலத்தப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்னு சொல்லியிருக்கு. அதை வெச்சுத்தான் இது."

"அந்தக் காலத்துல பொண்டாட்டிய அடிச்சா ஏன்னு கேக்கவே ஆளில்ல."

டால்டன் சிரித்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு துண்டு ரொட்டியைப் பிட்டுக்கொண்டான். "அதான் பாரு. நல்ல காலம்."

அவனுடைய துப்பாக்கிகள் லானெட் வீட்டு நடைக்கூடத்து அலமாரியில் இருந்தன. முந்தின வருடம் அவன் மனைவி மிஸ்டி உதட்டில் தையலோடு வீட்டை விட்டு வெளியேறி, அவன் தன்னை நெருங்கக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கியபோது வந்தவை. ஐந்நூறு அடிக்குள் வரக் கூடாது, அடிக்கக் கூடாது, போன் செய்யக் கூடாது என்றெல்லாம் அந்த உத்தரவில் இருந்தது. துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் இந்த உத்தரவு உயிரோடு இருக்கும்வரை கையில் துப்பாக்கி இருந்தால் மத்திய அரசின் சட்டப்படி சிறை என்று அவனுடைய வக்கீல் எச்சரித்திருந்தார். யாரிடமாவது விட்டுவை என்றார். அந்த ஊரில் போலீஸ் தலைவரான ஷெரிப்பிடம் யாரும் ஒப்படைப்பதில்லை. வெளியூர் போகிறவர்கள் நாயைச் சொந்தக்காரர் வீட்டில் விடுவது போல, துப்பாக்கியையும் சொந்தக்காரர் வீட்டில்தான் விடுவார்கள். இரண்டு கைத்துப்பாக்கி, மான் வேட்டைக்கு ஒரு ரைபிள், அப்பா விட்டுப்போன வான்கோழித் துப்பாக்கி. லானெட்டின் கணவன் ஹெர்ஷல் அலமாரிக்குப் பூட்டு போட்டுக் கொடுத்துவிட்டு மிசிசிப்பி ஆற்றில் இழுவைப் படகு வேலைக்குப் போய்விட்டான். சாவி லானெட்டிடம்.

அதற்குப் பிறகு டால்டன் கேட்டபோதெல்லாம் அவளுக்கு ஒரே பதில் போதுமாக இருந்தது. "சட்டம் விடாதுடா." எவ்வளவு வசதியான பதில் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எனக்கு உன்மேல் நம்பிக்கை இல்லை என்று தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதே வரவில்லை. யாரோ மூன்று நீதிபதிகள், அவள் பெயர்கூடத் தெரியாதவர்கள், அந்தப் பதிலை அவள் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

"ஹெர்ஷல் வரட்டும், பேசிக்கலாம்," என்றாள்.

"ஹெர்ஷலோட துப்பாக்கியா கேட்டேன்?"

"டால்டன்…"

"சரி, விடு. முகம் ஏன் இப்படி ஆகுது உனக்கு? அப்பாவோட துப்பாக்கிய மட்டும் குடு. சனிக்கிழமை வான்கோழி சீசன் ஆரம்பம். அதுக்குக்கூடவா நான் லாயக்கில்லாதவன்?"

அவள் கொடுத்துவிட்டாள்.

அந்த ஊர்க்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று பிறகு பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கைத்துப்பாக்கி மனிதருக்கு, வான்கோழித் துப்பாக்கி வான்கோழிக்கு. அவள் சின்ன வயதில் அது சமையலறைக் கதவுக்குப் பின்னால் துடைப்பத்தோடு சாய்ந்திருக்கும். யாரும் அதை ஆயுதம் என்று நினைத்ததில்லை. சீசன் தொடங்கும்போது ஒருவனுக்கு அவன் அப்பாவின் துப்பாக்கியைத் தர மாட்டேன் என்பது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வராதே என்பது போல. டால்டன் அவள் நெற்றியில் முத்தமிட்டு, மீதி ரொட்டியையும் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை காலை துணி சோப்பு எடுக்கக் கார் கொட்டகைக்குப் போனவள் ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தாள். டால்டனின் வேட்டைச் சட்டை. அவன் வீட்டைக் காலி செய்தபோது மற்ற சாமான்களோடு இங்கே வந்தது. பையில் கைவிட்டாள். வான்கோழியைக் கூப்பிடும் மரப்பெட்டி அதில் இருந்தது.

வான்கோழி வேட்டைக்குப் போகிறவன் முதலில் எடுப்பது அந்தப் பெட்டியைத்தான். பெட்டை கூப்பிடுவது போல அதைக் கிறீச்சிடவைத்து, மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து, சேவலைக் கிட்டே வரவைக்க வேண்டும். துப்பாக்கிக்குக் கடைசி அரை நொடிதான் வேலை. டால்டன் சீசனுக்கு மாதக்கணக்கில் முன்பே டிரக்கிலும் குளியலறையிலும் அதை இழுத்துப் பழகி மிஸ்டியைப் பைத்தியமாக்குவான். இந்த முறை அவன் பெட்டியைக் கேட்கவே இல்லை. துப்பாக்கியை மட்டும் கேட்டான்.

வேறு ஒன்று வாங்கியிருப்பான் என்று நினைத்துப் பார்த்தாள். அதை மனம் ஏற்கவில்லை. அவனுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மிஸ்டி வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குச் செய்தாள். சலவை அறையில் இருக்கிறாள், கூப்பிடவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

நெடுஞ்சாலையின் ஒரு பக்கம் முதியோர் இல்லத்தின் பின்புறம். எதிர்ப்பக்கம் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் காலி மைதானம். அதன் கோடியில் டால்டனின் டிரக் நின்றிருந்தது.

அவள் பக்கக் கதவைத் திறந்து ஏறினாள். சீட்டில் துப்பாக்கி படுத்திருந்ததால் ஓரமாக ஒடுங்கி உட்கார வேண்டியிருந்தது.

"வான்கோழி இங்கதான் மேயுதா?"

"வா, வா. காப்பி குடிக்கறியா? ஆறிப்போச்சு."

"அவ வேலை செய்யற இடம்டா இது."

"தெரியும். உத்தரவுல போட்டிருக்கறதைவிடத் தள்ளியேதான் நிக்கறேன். அளந்து பாத்துட்டேன். சட்டத்த மதிக்கறவன் நான், லானி."

"குண்டு போட்டிருக்கா இதுல?"

"பின்ன, விறகா அது?"

எதிரே சலவை அறையின் பின்கதவு திறந்தது. வெளிர்பச்சை உடையில் மிஸ்டி துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். நின்று முதுகை நிமிர்த்தினாள். தலைமுடியை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டாள். சாலையின் இந்தப் பக்கம் அவள் பார்க்கவில்லை. டால்டன் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். வேட்டையில் அவன் உட்காரும் விதம் லானெட்டுக்குத் தெரியும். அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

"பயப்படாதே," என்றான். "இது வான்கோழிக் குண்டு. இங்கேருந்து அவகிட்ட எட்டாது. அதுக்குத்தான் அந்த ரைபிளக் கேக்கறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். வாய்விட்டு, வழக்கமான சிரிப்பு. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் எல்லோரையும் சிரிக்கவைப்பானே, அதே சிரிப்பு.

லானெட்டும் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சிரிக்காவிட்டால் அது வேடிக்கைப் பேச்சு இல்லை என்றாகிவிடுமோ என்று உடம்பு தானாகச் சிரித்திருக்க வேண்டும். பின்கதவு மூடியது. மிஸ்டி உள்ளே போய்விட்டாள்.

"துப்பாக்கியக் குடு, நான் எடுத்துட்டுப் போறேன்."

"சட்டப்படி இது என்னுது. அதைத்தானே ஒரு வருஷமாச் சொல்லிக்கிட்டிருந்த? சட்டம், சட்டம்னு?"

அவன் வண்டியைக் கிளப்பினான். அவள் இறங்க வேண்டியதாயிற்று.

ஷெரிப் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மறுமுனையில் பேசிய காவலர் ஹம்ப்ரீஸ் மரியாதையான மனிதர். "அந்த மத்திய சட்டம் இப்ப இங்க செல்லாது, மேடம். நம்ம மாநிலத்துல அப்படித் தனியாச் சட்டமும் கிடையாது. அவர் தூரத்தையும் தாண்டல. நான் எதுக்குன்னு போய்ப் பிடிக்கறது? அவர் ஏதாவது மிரட்டினாரா?"

லானெட் வாயைத் திறந்தாள். தம்பியைச் சிறையில் தள்ளும் ஒரு வாக்கியம் நாக்கில் நின்றது. வேடிக்கைக்குச் சொன்னதாக இருந்தால்?

"இல்ல," என்றாள்.

ஆனால் ரைபிளை அவள் கொடுக்கவில்லை. டால்டன் மூன்று தரம் வந்து கேட்டான். முதல் தரம் கெஞ்சினான், அடுத்த தரம் கத்தினான், மூன்றாம் தரம் ஒன்றுமே பேசாமல் நடைக்கூடத்து அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான். அது மூன்றிலும் மோசமாக இருந்தது. பிறகு கோடையில், தன் பொருளைத் திருப்பித் தர மறுக்கிறாள் என்று சொந்த அக்காமேல் சின்ன கோர்ட்டில் வழக்குப் போட்டான்.

அந்தக் கோர்ட்டின் ஜட்ஜ் ப்ரூயெட் சட்டம் படித்தவரில்லை. ஜட்ஜ் தேர்தலில் ஜெயிக்கும் முன்பு மாட்டுத் தீவனம் விற்றவர். அக்கா தம்பியின் அப்பாவையும் தெரிந்தவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏம்மா, துப்பாக்கி அவனுதுதானே?"

"ஆமாங்க, ஜட்ஜ் ஐயா."

"அப்புறம் ஏன் குடுக்க மாட்டேங்கற?"

எதிர் மேசையில் டால்டன் சுத்தமாகச் சவரம் செய்து, தலையைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். டிரக்கில் அவன் சொன்ன வாக்கியம் மறுபடி நாக்குவரை வந்தது.

"எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

ப்ரூயெட் பெருமூச்சு விட்டார். "நியூ ஆர்லியன்ஸ்காரங்க சொன்ன கேஸை வாஷிங்டன்ல விசாரணைக்கு எடுத்திருக்காங்களாம். நான் முப்பது வருஷம் தீவனம் வித்தவன். அங்க இருக்கற ஒன்பது ஜட்ஜுங்களை முந்திக்கிட்டு நான் ஒண்ணும் பண்றதா இல்ல. அவங்க சொல்றவரைக்கும் பூட்டு பூட்டாவே இருக்கட்டும்."

அப்படியாக, லானெட் வீட்டு அலமாரியின் பூட்டு வாஷிங்டனில் இருக்கும் ஒன்பது பேரின் கையில் போய்ச் சேர்ந்தது. அவர்கள் அவசரப்படவில்லை. இலையுதிர்காலத்தில் வாதம் கேட்டார்கள். குளிர்காலம் போயிற்று. வாசலில் டிரக் சத்தம் கேட்டால் லானெட் விளக்கை அணைத்துவிட்டுக் குளியலறையில் போய் நிற்பாள். விடுமுறைக்கு வந்த ஹெர்ஷல், "எல்லாத்தையும் ஆத்துல போட்டுட்டு வரேன்," என்றான். "போட்டா நாமதான் திருடங்க," என்றாள். ஷெரிப்பிடம் கொடுத்தால்? உரியவன் கேட்டால் அவர் கொடுத்துவிடுவார். டால்டன் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான். தேவாலயத்தில் பாடினான். மிஸ்டியின் பக்கம் போகவே இல்லை. அல்லது யாரும் பார்க்கும்படி போகவில்லை.

அடுத்த ஜூனில் தீர்ப்பு வந்தது. மிஸ்டி வேலையிலிருந்தே போன் செய்தாள். "எட்டுப் பேர் நம்ம பக்கம், லானெட்! ஒருத்தர்தான் எதிர்ப்பு. அந்தச் சட்டம் செல்லுமாம்!"

அந்த மகிழ்ச்சி ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. மாலையில் லானெட் வீட்டுச் சமையலறையில் மிஸ்டியின் வக்கீல் ஓடம் மேடம் தீர்ப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். இலவசச் சட்ட உதவி அலுவலகத்துப் பெண். பெரிய கண்ணாடி போட்டிருந்தாள், குடிக்காத டீ முன்னால் இருந்தது.

"அவங்க எல்லாத்துக்கும் பதில் சொல்லல," என்றாள். "ஒரு ஜட்ஜ் விசாரிச்சு, இந்த ஆள் இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்தானவன்னு எழுதியிருந்தா, அவன்கிட்டேருந்து துப்பாக்கிய எடுக்கலாம். அவ்வளவுதான் சொல்லியிருக்காங்க. உங்க உத்தரவுல அப்படி ஒரு வரி இல்ல, மிஸ்டி. ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டது. விசாரணையே நடக்கல. அந்த மாதிரி உத்தரவுக்கு என்னன்னு கோர்ட்டு திறந்தே விட்டுடுச்சு. டால்டனோட வக்கீல் அதைப் புடிச்சுக்கிட்டாரு. துப்பாக்கி வழக்குக்கு நாள் குறிக்கச் சொல்லி ப்ரூயெட்கிட்ட இன்னிக்கே எழுதிக் குடுத்துட்டாரு. ஆமா, ஏன் விசாரணை வேண்டாம்னீங்க?"

மிஸ்டி லானெட்டைப் பார்க்கவில்லை. விசாரணை என்றால் ஊரே வந்து உட்கார்ந்து கேட்கும், அவன் வேலை போகும், எங்கள் அம்மா உயிரை விட்டுவிடுவாள், சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் காதும் காதும் வைத்தாற்போல முடிந்துவிடும் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டவள் லானெட்தான். அந்த ஊரில் எல்லாக் குடும்பங்களும் அப்படித்தான் முடித்துக்கொண்டன.

"புதுசா விசாரணை கேக்கலாம்," என்றாள் ஓடம். "ஆனா அவன் இப்பவும் ஆபத்துன்னு காட்ட ஏதாவது வேணும். யாராவது எதையாவது பாத்திருக்கணும், கேட்டிருக்கணும்."

"அவன் ஒண்ணும் பண்ணலையே," என்றாள் மிஸ்டி. "அதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு."

லானெட் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் கேட்டேன்."

தேவாலய மைதானம், டிரக், சீட்டில் கிடந்த துப்பாக்கி, அந்த வாக்கியம். வரிசை மாறாமல் சொன்னாள். துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தது தான்தான் என்பதையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது மிஸ்டி எழுந்து பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றிருந்தாள்.

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு," என்றாள் மிஸ்டி.

"ஆமா."

"நான் தினமும் அந்தப் பின்கதவு வழியாத்தான் வெளிய வரேன், லானெட்."

ஓடம் லானெட் பக்கம் திரும்பிப் பேனாவைத் திறந்தாள். "இதைக் கோர்ட்டுல சொல்வீங்களா? டால்டன் எதிர்லயே உக்காந்திருப்பான்."

விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை. குடும்ப வழக்குகளைப் பார்க்கும் பெரிய கோர்ட். நீதிபதி நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண். லானெட் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள். முதல் வரிசையில் டால்டனுக்குப் பின்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

ஓடம் கேட்டாள், லானெட் சொன்னாள். ரைபிளைப் பற்றிய வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் கம்மிப் போயிற்று. மறுபடி சொல்லுங்கள் என்றார் நீதிபதி. மறுபடி சொன்னாள். அம்மா எழுந்து வெளியே போகும் செருப்புச் சத்தம் கேட்டது.

டால்டனின் வக்கீல் புன்னகையோடு எழுந்தார். "உங்க தம்பி வேடிக்கையாப் பேசறவர், இல்லையா?"

"ஆமாங்க."

"அன்னிக்கும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்?"

"ஆமா."

"நீங்களும் சிரிச்சீங்க?"

"சிரிச்சேன்."

"காவலர் கேட்டப்ப மிரட்டலைன்னு நீங்களே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்ப எப்ப பொய் சொன்னீங்க மேடம், அன்னிக்கா, இன்னிக்கா?"

லானெட் தம்பியைப் பார்த்தாள். அவன் மெல்லத் தலையாட்டினான், பரவாயில்லை, சொல்லிவிடு என்பது போல. சின்ன வயதில் அவன் உடைத்த ஜன்னலுக்கு அவள் பழியேற்கும்போது அப்படித்தான் தலையாட்டுவான்.

"அன்னிக்கு," என்றாள். "அவன் என் தம்பி. அவன் அவளைக் கொன்னுடுவான்னு எனக்கு அந்த டிரக்குலயே தெரிஞ்சுபோச்சு. தெரியலைன்னு வெச்சுக்கிட்டேன். சிரிச்சது பயத்துல."

நீதிபதி நெடுநேரம் எழுதினார். பிறகு வாசித்தார். டால்டன் தன் மனைவியின் உயிருக்கு நம்பத்தக்க ஆபத்து என்று இந்தக் கோர்ட் காண்கிறது. உத்தரவு இன்னும் இரண்டு வருடங்களுக்கு. வாஷிங்டன் கேட்ட வரி அதுதான். அதை எழுத அவருக்கு ஒரு பேனா போதுமாக இருந்தது, லானெட் தன் தம்பியைக் கொடுக்க வேண்டியிருந்தது.

வெளியே படிக்கட்டில் காவலர் ஹம்ப்ரீஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மிஸ்டியிடம் பேசினார். "அவர் வீட்டுல இருக்கற துப்பாக்கியத் திங்கக்கிழமை போய் வாங்கிடுவோம். லானெட் மேடம் வீட்டுல இருக்கறதையும் சேத்து."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை," என்றாள் மிஸ்டி.

அவர் காலை மாற்றி நின்றார். கீழே வாகன நிறுத்தத்தில் டால்டன் டிரக்கை நோக்கி நடந்துகொண்டிருந்தான். அவசரமில்லாத நடை. லானெட் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று மிச்சமிருந்தது.

"வீட்டுல இல்ல சார்," என்றாள். "சீட்டுக்குப் பின்னாடிதான் வெச்சிருப்பான். எங்க அப்பாவும் அங்கதான் வெப்பார். இப்பவே போய்ப் பாருங்க."

ஹம்ப்ரீஸ் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினார். ஒரு கை இடுப்பருகே இருந்தது. டால்டனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். டால்டன் திரும்பினான். அவருக்குப் பின்னால் படியில் நின்ற அக்காவைப் பார்த்தான். டிரக்கின் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. மிஸ்டி லானெட்டின் மேற்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

டால்டன் இரண்டு கையையும் விரித்துக் காட்டி ஒதுங்கி நின்றான். ஹம்ப்ரீஸ் சீட்டைச் சாய்த்து அப்பாவின் துப்பாக்கியை வெளியே எடுத்தார். குண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வேட்டைக் காலம் முடிந்து வாரங்கள் ஆகியிருந்தன.

"ரசீது குடுங்க சார்," என்பது தெளிவாகக் கேட்டது. "எங்க அப்பாவோடது. உத்தரவு முடிஞ்சதும் வந்து வாங்கிக்கணும்ல?"

காவலர் டிரக்கின் பானட்டில் வைத்து எழுதிக் கொடுத்தார். டால்டன் அதை முழுவதும் படித்தான், மடித்தான், சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். பிறகு படிக்கட்டைப் பார்த்து, எல்லோரிடமும் விடைபெறுவது போலக் கையை உயர்த்தினான்.

டிரக் தெருமுனையில் சிக்னல் போட்டு, முழுதாக நின்று, இரண்டு பக்கமும் பார்த்துத் திரும்பியது. அது கண்ணிலிருந்து மறைந்த பிறகும் இரு பெண்களும் படியை விட்டு இறங்கவில்லை.

"எங்க வீட்டுக்கு வரியா?" என்றாள் லானெட்.

"அந்த அலமாரி இருக்கற வீட்டுக்கா?" என்றாள் மிஸ்டி. கையை மட்டும் அவள் விடவில்லை.